மாற்றிய மெஷின் சொன்னபடி ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கையால் சுற்றி ஓட்டிய லேத்துக்கோ மில்லிங் மெஷினுக்கோ மோட்டார், அதை ஓட்டும் டிரைவர், கண்ட்ரோலர் எல்லாம் மாட்டி, கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடும் சிஎன்சி மெஷினாக மாற்றியாகிவிட்டது. டேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் ஜாக் பட்டனை அழுத்தினால் டேபிள் நகர்கிறது. ஆனால் முதல் ஜாபை அளந்தால் அளவு வரவில்லை. இல்லையென்றால் பாதி வேலையில் நின்றுவிடுகிறது, அல்லது யாரும் தொடாமலே அலாரம் வருகிறது. உடனே செட்டிங் பக்கத்தைத் திறந்து எண்களை மாற்றத்தான் கை போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். மாற்றிய மெஷின்களில் கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்கும், அடுத்தபடியாக ஒயரில். மென்பொருளில் இருப்பது அரிது. இரும்பில் உள்ள கோளாறை மென்பொருளில் மூடி மறைத்தால், அது வேறொரு ஜாபில் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

பழைய மெஷினில் துல்லியம் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஓட்டிக் காட்டிய எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே, சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற சாதாரண மில்லிங் மெஷினை மாற்றிச் செய்ததுதான்.

தேவைப்படும் சாமான் கொஞ்சம்தான்: 0.01 மி.மீ. டயல் கேஜ், மேக்னட் ஸ்டாண்டு, வெர்னியர், மல்டிமீட்டர், ஒரு மார்க்கர் பேனா. பேனா எதற்கு என்று கீழே வரும். தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். எமர்ஜென்சி பட்டன் மென்பொருளுக்குச் செய்தி மட்டும் அனுப்புவதாக இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் அதை அழுத்தினால் டிரைவருக்கும், கட்டரையோ ஜாபையோ சுற்றும் ஸ்பின்டிலுக்கும் போகும் பவர் அறுபட வேண்டும். அடுத்து, பழைய கைச்சக்கரத்தின் கைப்பிடிகளைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் வேகத்தில் சுற்றும் கைப்பிடி விரலை உடைக்கும், சட்டையையும் பிடித்து இழுக்கும்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு படி திரும்பும் மோட்டார், ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டு முன்னும் பின்னும் ஆடினால், சுருள் ஜோடி மாறியிருக்கிறது. ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பவரை அணைத்து, மோட்டாரை டிரைவரிலிருந்து கழற்றி, ஏதாவது இரண்டு ஒயர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் திருப்புங்கள். இறுக்கமாகத் திரும்பினால் அந்த இரண்டும் ஒரே சுருள். நான்கு ஒயர் மோட்டாரில் மிச்ச இரண்டும் இன்னொரு சுருள். மல்டிமீட்டரிலும் பார்க்கலாம், ஆனால் இந்த முறை இன்னும் விரைவு.

ஒன்று மறக்கவே கூடாது: பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றக் கூடாது. பல டிரைவர்கள் சாவது இப்படித்தான். லூஸான கனெக்டரும் இதே வேலையைச் செய்யும்.

100 மி.மீ. போகச் சொன்னால் வேறு தூரம் போகிறது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தூரத்தோடு பிழையும் வளர்கிறதா? எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருமாறு வைத்துக்கொண்டு 10, 50, 100 மி.மீ. என்று நகர்த்தி அளங்கள். 10-க்கு 0.16, 100-க்கு 1.6 என்று வளர்ந்தால், ஒரு மி.மீ.க்கு இத்தனை ஸ்டெப் என்ற கணக்கு தவறு. திசை மாற்றி அளக்கும்போது மட்டும் 10-க்கும் 100-க்கும் ஒரே பிழை வந்தால் அது கணக்கல்ல, ஸ்க்ரூவின் ஆட்டம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கணக்கு எளிது. 1.8 டிகிரி மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 என்றால், அதாவது ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரித்தால், 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்ந்தால் ஒரு மி.மீ.க்கு 320. பெல்ட் இருந்தால் அந்த விகிதத்தையும் பெருக்க வேண்டும். இரண்டு மடங்கோ பாதியோ போனால் டிரைவரின் சுவிட்சில் மைக்ரோஸ்டெப் வேறாக இருக்கிறது. சில டிரைவர்கள் பவரை அணைத்துப் போட்டால்தான் சுவிட்ச் மாற்றத்தை ஏற்கும்.

100-க்கு 101.6 என்று வந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக ஸ்க்ரூ இஞ்ச் கணக்கில் வெட்டியது. இஞ்சுக்கு 5 த்ரெட் என்றால் 5.08 மி.மீ., 10 த்ரெட் என்றால் 2.54. பார்வைக்கு 5-ம் 2.5-ம் போலவே இருக்கும். பழைய லேத்தில் குறுக்கு ஸ்லைடுக்கு ஒரு கணக்கு, நீளவாட்டில் வேறு கணக்கு என்பதும் உண்டு.

லேத்தில் எக்ஸ் அச்சில் மட்டும் வெட்டு இரண்டு மடங்கு ஆழமானால், புரோகிராம் விட்டத்தில் எழுதியது, கண்ட்ரோலர் ஆரமாக எடுத்துக்கொண்டது. லினக்ஸ்சிஎன்சி என்ற கண்ட்ரோல் மென்பொருளில் ஜி7 கட்டளை விட்டம், ஜி8 ஆரம்.

வட்டம் வட்டமாக வரவில்லை

ஒரு வட்டத்தை மில் செய்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மெஷினின் குறையை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் சின்னத் தட்டையோ படியோ தெரிந்தால் அது பேக்லாஷ். அந்த இடங்களில்தான் ஏதாவது ஓர் அச்சு திசை மாறுகிறது. நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே உள்ள இடைவெளி நிரம்பும்வரை டேபிள் நகராமல் நிற்கிறது. ஒரு விட்டம் பெரிதாகவும் அதற்குக் குறுக்கே உள்ளது சின்னதாகவும் இருந்தால், ஓர் அச்சின் ஸ்டெப் கணக்கு தப்பு. முட்டை வடிவம் 45 டிகிரியில் சாய்ந்திருந்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. சர்வோ (தன் இடத்தை அளந்து திருத்திக்கொள்ளும் மோட்டார்) மெஷினில் ஓர் அச்சு மற்றதைவிடப் பின்தங்கினாலும் இதே சாய்வு வரும்.

பேக்லாஷ் என்று தெரிந்தால் எவ்வளவு என்று அளங்கள். டயல் கேஜை டேபிளில் முட்டவைத்து, ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, 0.01 மி.மீ. படியில் எதிர்ப்பக்கம் ஜாக் செய்யுங்கள். முள் அசையும்வரை எத்தனை படி என்பதே கணக்கு. நட்டு தேய்ந்த பழைய மெஷினில் அரை மி.மீ. வந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இப்போது அவசரப்பட்டு நட்டைக் குறை சொல்ல வேண்டாம். பலர் பால் ஸ்க்ரூவுக்கு (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) பணம் கொட்டிய பிறகும் அதே ஆட்டம் இருப்பது இதனால்தான். டயல் கேஜை ஸ்க்ரூவின் முனையில் வைத்து, டேபிளைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஸ்க்ரூ நீளவாட்டில் அசைந்தால் ஆட்டம் தாங்கும் பேரிங்கில். கையால் ஓட்டும் மெஷினில் அந்த இடத்தில் இருந்த சாதாரண ஏற்பாடு இதற்குப் போதாது. ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடியாக, முன் அழுத்தத்தோடு உட்கார வேண்டும். ஸ்க்ரூ அசையாமல் டேபிள் மட்டும் அசைந்தால் நட்டோ, நட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டோ. பிராக்கெட்டின் போல்ட் லூஸாக இருப்பது எளிய காரணம், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. இரண்டும் அசையாமல் மோட்டார் மட்டும் சும்மா திரும்பினால், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்.

மென்பொருளில் பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். லினக்ஸ்சிஎன்சியிலும், விண்டோஸில் ஓடும் மேக்3-லும் உண்டு. ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஓடும் மூல ஜிஆர்பிஎல்லில் இல்லை. துளை போடும் வேலைக்கு அது உதவும். மில்லிங்கில் அரைகுறைதான். திசை மாறும்போது அந்த இடைவெளியைத் தாண்டிச் செல்ல மட்டுமே அதற்குத் தெரியும், கட்டர் டேபிளை இழுக்கும்போது பிடித்து நிறுத்தத் தெரியாது. ஆட்டம் உள்ள டேபிளில் கட்டர் சுற்றும் பக்கமே ஜாபை ஊட்டினால், அதாவது கிளைம்ப் மில்லிங் செய்தால், கட்டர் டேபிளைத் தன் பக்கம் சட்டென்று இழுத்து உடைந்துபோகும். கையால் ஓட்டும்போது எதிர்த்து வெட்டியே பழகிய மெஷின் அது. கட்டர் பாதையை எழுதித் தரும் கேம் மென்பொருள் வழக்கமாகக் கிளைம்ப் பாதையைத்தான் தரும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டம் தீரும்வரை பாதையை எதிர்த்திசைக்கு மாற்றுங்கள்.

லினக்ஸ்சிஎன்சியில் ஈடுகட்டும் எண்ணைப் போட்டவுடன் ஃபாலோயிங் எரர் (சொன்ன இடத்திலிருந்து அச்சு பின்தங்குகிறது என்ற அலாரம்) வந்தால், ஸ்டெப்ஜென் மேக்ஸ்ஆக்சல் மதிப்பு போதவில்லை. அச்சின் முடுக்கத்தைப் போல் 1.5 முதல் 2 மடங்கு வைக்க வேண்டும்.

ஓட ஓட அளவு நகர்ந்துகொண்டே போகிறது

முதல் ஜாப் சரி, பத்தாவது ஜாப் அரை மி.மீ. தள்ளி. அல்லது ஒரே ஜாபில் மேலே சரியாகவும் கீழே போகப் போகப் படிக்கட்டு போலவும் இருக்கிறது. பிழை நீக்குவதில் ரொம்ப அலைக்கழிப்பது இதுதான். மூன்று காரணங்கள் ஒரே தோற்றத்தில் வரும்.

மார்க்கர் பேனாவை எடுங்கள். கப்ளிங்கின் இரு பாதிகளையும் இரண்டு தண்டுகளையும் சேர்த்து ஒரே கோடு போடுங்கள். பெல்ட் புல்லி என்றால் புல்லிக்கும் தண்டுக்கும் குறுக்கே. ஜாபை ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் தண்டைப் பிடிக்கும் தலையில்லா கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது, வேறு எதையும் தேட வேண்டாம். உருண்டைத் தண்டில் வெறும் கிரப் ஸ்க்ரூ நிற்காது. தண்டில் ஒரு தட்டை ராவுங்கள், இல்லையென்றால் இறுக்கிப் பிடிக்கும் வகை கப்ளிங் போடுங்கள்.

கோடு சரியாக இருந்தால் அடுத்தது, ஸ்டெப் தவறுகிறதா என்பது. இங்கே பிழையின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். 200 ஸ்டெப் மோட்டார் சுமை தாங்காமல் வழுக்கினால் நான்கு முழு ஸ்டெப்பின் மடங்குகளில்தான் வழுக்கும். ரோட்டாரின் பல் அடுத்த இடத்தில் போய்த்தான் உட்கார முடியும். 5 மி.மீ. ஸ்க்ரூவில் அது 0.1 மி.மீ. ஆகவே பிழை 0.1, 0.2, 0.3 என்று துண்டு துண்டாக வந்தால் மோட்டாருக்குத் திராணி போதவில்லை, அல்லது ஸ்லைடு எங்கோ இறுகுகிறது. 0.03, 0.07 என்று எந்தக் கணக்கிலும் அடங்காமல் சின்னச் சின்னதாக வளர்ந்தால் சிக்னலில் கோளாறு.

சிக்னலில் முதல் சந்தேகம் டைமிங். திசை சிக்னல் வந்து சில மைக்ரோ செகண்ட் கழித்துத்தான் ஸ்டெப் பல்ஸ் வர வேண்டும். பரவலாகக் கிடைக்கும் டிரைவர்களில் 5 மைக்ரோ செகண்ட் இடைவெளி கேட்பவை நிறைய. அது கிடைக்காவிட்டால் திரும்பும் இடத்தில் ஒரு ஸ்டெப் தப்பான பக்கம் போகும். டிரைவரின் உள்ளே சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ ஆன் ஆகும் நேரமும் ஆஃப் ஆகும் நேரமும் வேறாக இருப்பதால், தப்பு பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சேரும். ஒரு ஸ்டெப் 0.003 மி.மீ.தான். ஆனால் நூறு முறை திரும்பினால் 0.3. பாக்கெட் வெட்டும் புரோகிராமில் நூறு திருப்பம் ஒரு பெரிய விஷயமே இல்லை.

சோதனை இப்படி: கட்டர் இல்லாமல், மெதுவான வேகத்தில், 1 மி.மீ. முன்னே 1 மி.மீ. பின்னே என்று சில நூறு முறை ஓடவிட்டு டயல் கேஜைப் பாருங்கள். மெதுவாக ஓடும்போதும் நகர்ந்தால் டைமிங். திசையின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுங்கள், ஸ்டெப் சிக்னலின் போலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் போலாரிட்டியிலேயே சரியாகிவிடும். மெதுவாக ஓடும்போது சரி, வேகத்தில் மட்டும் நகர்கிறது என்றால் கீழே படியுங்கள்.

வேகமாகப் போகும்போது கீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது

ஸ்டெப்பர் மோட்டாரின் பெட்டியில் எழுதியிருக்கும் முறுக்கு விசை நிற்கும்போது உள்ளது. வேகம் கூடக் கூட அது சரியும். ராப்பிட் வேகத்தையும் (வெட்டாமல் நகரும் வேகம்) முடுக்கத்தையும் பாதியாக்கி ஓட்டுங்கள். கோளாறு போய்விட்டால் காரணம் திராணிக் குறைவு. அதற்காகப் பெரிய மோட்டார் வாங்க ஓட வேண்டாம். பெரிய மோட்டாருக்கு இண்டக்டன்ஸ் அதிகம், அதே சப்ளையில் வேகத்தில் அது இன்னும் மோசமாகலாம். உண்மையில் தேவைப்படுவது வோல்டேஜ். வழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு: இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டார் தாங்கும் உச்ச வோல்ட். 4 மில்லிஹென்றி என்றால் 64. டிரைவரின் வரம்பு 50 வோல்ட் என்றால் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும், ஏனென்றால் டேபிள் பிரேக் அடிக்கும்போது மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

எப்போதும் டேபிளின் ஒரே இடத்தில் நின்றால் அது இரும்பு. பழைய மெஷினில் ஸ்லைடு நடுவில் தேய்ந்து, ஓரங்கள் அப்படியே இருக்கும். நடுவில் ஆட்டம் இல்லாமல் ஸ்லைடின் ஜிப்பை (இடைவெளியை அடைக்கும் பட்டை) இறுக்கியிருப்பீர்கள், ஓரத்தில் அது கல் மாதிரி இறுகிவிடும். மோட்டாரைக் கழற்றி ஸ்க்ரூவைக் கையால் முழு நீளத்துக்கும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுரண்டிச் சரிசெய்யும்வரை ஓரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதுதான் வழி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இறுகினால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது, அல்லது மோட்டார் நேர்கோட்டில் இல்லை.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அலறி நின்று, அதைத் தாண்டினால் சரியாக ஓடினால் அது அதிர்வு ஒத்திசைவு. மைக்ரோஸ்டெப்பைக் கூட்டுவது கீழ் வேகத்து அதிர்வுக்கு உதவும். நடு வேகத்தில் வருவதற்கு, அதை அடக்கும் வசதியுள்ள டிஜிட்டல் டிரைவர்தான் மருந்து. மைக்ரோஸ்டெப்பைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால் வேறு சுவரில் முட்டுவீர்கள்: ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப்தான் தரும். மி.மீ.க்கு 640 ஸ்டெப் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2800 மி.மீ.யோடு கதை முடிந்தது.

ஸ்பின்டிலைப் போட்டால் லிமிட் அலாரம்

யாரும் சுவிட்சைத் தொடவில்லை, ஆனால் ஸ்பின்டில் ஓடத் தொடங்கியதும் லிமிட் என்று நிற்கிறது. ஸ்பின்டில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சல் இது. உறுதிசெய்ய, லிமிட் ஒயர்களைக் கண்ட்ரோலரிலேயே கழற்றி, அந்த இடத்தில் சின்ன ஜம்பர் போட்டு ஸ்பின்டிலை ஓட்டுங்கள். சோதனைக்கு மட்டும், அச்சுகளை நகர்த்தாமல். அலாரம் போனால் நீள ஒயர்தான் ஏரியல் வேலை பார்க்கிறது. போகாவிட்டால் இரைச்சல் பவர் சப்ளை வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது.

சரிசெய்ய: விஎஃப்டியிலிருந்து ஸ்பின்டில் மோட்டாருக்கு ஷீல்டு கேபிள், அதன் ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த்தில். லிமிட் ஒயருக்கும் ஷீல்டு, ஆனால் கண்ட்ரோல் பெட்டி முனையில் மட்டும் எர்த். இரண்டையும் ஒரே குழாயில் போடாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகப் போகட்டும். எர்த் ஒயர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் எல்லாம் ஒரே புள்ளிக்கு வர வேண்டும். சுவிட்சுகளை வழக்கமாக மூடியிருக்கும் வகையில் இணையுங்கள்; ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும் என்பது கூடுதல் லாபம். 5 வோல்ட் சிக்னலுக்குப் பதில் ஆப்டோ வழியாக 24 வோல்ட் போட்டால் இரைச்சல் பெரும்பாலும் அண்டாது. மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை (சிக்னல் நிலைக்கிறதா என்று காத்திருக்கும் நேரம்) கூட்டுவது இவை எல்லாம் முடிந்த பிறகு.

ஹோம் ஒவ்வொரு முறையும் வேறு இடம்

ஹோம் என்பது மெஷின் தன் தொடக்கப் புள்ளியைக் கண்டுகொள்ளும் இடம். சுவிட்சைத் தேடி வேகமாகப் போகட்டும். ஆனால் தொட்ட பின் விலகி, மிக மெதுவாக மறுபடி தொடும் இடத்தைத்தான் பதிய வேண்டும். ஸ்வார்ஃபும் (வெட்டிய உலோகத் துகள்) கூலன்டும் படும் இடத்தில் திறந்த மைக்ரோசுவிட்ச் நிலைக்காது. உலோகத்தைத் தொடாமலே உணரும் இண்டக்டிவ் சென்சார் அதைவிட நல்லது, ஆனால் அதன் முன் ஒட்டிய இரும்புத்தூளும் அதற்கு இரும்புதான். சென்சார் லைட் எரிந்தும் கண்ட்ரோலருக்குத் தெரியவில்லை என்றால் சென்சாரின் வெளியீட்டு வகை (என்பிஎன், பிஎன்பி) கண்ட்ரோலருக்குப் பொருந்தாமல் மாறியிருக்கிறது.

பவர் போனதும் ஸ்பின்டில் உள்ள தலை தானாகக் கீழே இறங்குகிறது

பழைய ஆக்மி ஸ்க்ரூ உராய்வாலேயே தன்னைப் பூட்டிக்கொள்ளும். பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு, பாரம் அதைத் திருப்பிச் சுற்றிவிடும். கோளாறு அல்ல, ஆனால் ஆபத்து. பவர் போனால் பிடிக்கும் பிரேக் உள்ள மோட்டார், எதிர்ப்பாரம், கேஸ் ஸ்பிரிங், இவற்றில் ஒன்று இல்லாமல் செங்குத்து அச்சில் பால் ஸ்க்ரூ போடாதீர்கள். அதுவரை பவரை அணைக்கும் முன் தலைக்கு அடியில் கட்டை வையுங்கள்.

லேத்தில் த்ரெட் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது

ஒவ்வொரு வெட்டும் ஒரே பள்ளத்தில் விழ வேண்டுமானால் ஸ்பின்டில் எங்கே இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும். அதற்கு, ஸ்பின்டில் திரும்புவதை அளக்கும் என்கோடரும், சுற்றுக்கு ஒருமுறை வரும் இண்டெக்ஸ் சிக்னலும் தேவை. என்கோடர் ஸ்பின்டிலோடு ஒன்றுக்கு ஒன்று, பல் பெல்ட்டில் சுற்ற வேண்டும். வி பெல்ட் என்றால் வழுக்கும். முதல் சில த்ரெட் மட்டும் பிட்ச் தவறினால் இசட் அச்சு வேகம் பிடிக்க இடம் போதவில்லை. ஜாபிலிருந்து இன்னும் சில பிட்ச் தள்ளி ஆரம்பியுங்கள். 2 மி.மீ. பிட்சை 1000 ஆர்பிஎம்மில் வெட்டினால் இசட் நிமிடத்துக்கு 2000 மி.மீ. ஓட வேண்டும். உங்கள் மோட்டாரால் முடியாவிட்டால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

மூலைகள் மழுங்குகின்றன

லினக்ஸ்சிஎன்சியில் வெறும் ஜி64 போட்டால் வேகத்தைக் காப்பாற்ற மூலையை வளைத்துவிடும். ஜி64 பி0.02 என்று எல்லை கொடுங்கள். கூரான மூலையே வேண்டும் என்றால் ஜி61.1, ஆனால் ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று போகும்.

மோட்டார் சூடாகிறது

ஸ்டெப்பர் மோட்டாரின் உடல் 70, 80 டிகிரி வரை போவது சாதாரணம். கை வைக்க முடியவில்லை என்பதாலேயே அது கெட்டுவிடவில்லை. நிற்கும்போது கரண்டைப் பாதியாக்கும் சுவிட்ச் டிரைவரில் இருந்தால் போட்டு வையுங்கள், செங்குத்து அச்சுக்கு மட்டும் யோசித்துப் போடுங்கள். டிரைவரின் பட்டியலில் உள்ளது பீக் ஆம்பியரா ஆர்எம்எஸ்ஸா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 1.4 மடங்கு வித்தியாசம்.

கம்ப்யூட்டர் பக்கம்: எப்போதாவது ஒருமுறை தடுக்குகிறது

பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் போர்ட்) வழியாக ஓட்டும் மெஷினில் மட்டும் வரும் நோய் இது. மோட்டார் சீராகச் சுற்றாமல் இடையில் டக் என்று ஒரு சத்தம். லினக்ஸ்சிஎன்சியில் ரியல்டைம் தாமதம் என்று எச்சரிக்கை வரும். அந்தத் தாமதத்தை அளக்க அதிலேயே லேட்டன்சி டெஸ்ட் இருக்கிறது. அதை ஓடவிட்டு, கூடவே ஃபைல் காப்பி, விண்டோ இழுப்பு என்று கம்ப்யூட்டருக்கு வேலை கொடுங்கள். 20 மைக்ரோ செகண்டுக்குள் நின்றால் நல்ல கம்ப்யூட்டர். அதைப் பல மடங்கு தாண்டினால் பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்து மறுபடி பாருங்கள். மடிக்கணினியில் இதற்கு மெனக்கெட வேண்டாம். மேக்3 என்றால் 64 பிட் விண்டோஸில் பேரலல் போர்ட் டிரைவர் ஓடவே ஓடாது. பல்ஸை வெளியே உருவாக்கும் ஈதர்நெட் கார்டு ஒன்று வாங்கினால் இந்தப் பகுதி முழுவதும் உங்களுக்குத் தேவைப்படாது.